ஊர்வாய்க்கு ஒரு மூடி

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று கேட்டு வைத்த முன்னோர்கள் அரசாங்க மானியம் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தப் பழமொழியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

சிப்பிக்கரைக்கு மூடி வந்த கதை இது. மூடி என்று சொல்லிக்கொண்டு அது வரவில்லை. வாய் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. அதற்குப் பெயரே 'ஊர்வாய்'. பால்கேன் அளவில் வெள்ளையாக ஒரு பெட்டி, நெற்றியில் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். அதோடு சேர்ந்த காதுகள் மட்டும் ஊர் முழுக்க இருந்தன. டீக்கடையில் ஒன்று, மீன் ஏலக் கொட்டகையில் ஒன்று, மாதா கோயில் முற்றத்தில் ஒன்று, தண்ணீர்க் குழாயடியில் ஒன்று. ஊர் பேசுவதையெல்லாம் ஓராண்டு கேட்டு, கடைந்து, ஒற்றைக் குரலாக்கித் தரும் என்றார்கள்.

எதற்கு? சட்டம் இருக்கிறதே. எங்கே ஆலை வந்தாலும் அங்கே பாதிக்கப்படுகிறவர்களின் குரலைக் கேட்டாக வேண்டும். முன்பெல்லாம் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கூட்டம் நாற்காலி வீச்சில் முடிந்தது. அப்புறம் யாருக்கோ புத்தி வந்தது. ஊருக்கு ஓர் இயந்திரம், அதை வளர்க்க ஒரு தொண்டு நிறுவனம், அந்த நிறுவனத்தை வளர்க்கக் 'குரல் நிதி'. அரசாங்கத்திடம் மல்லுக்கட்ட அரசாங்கமே செலவுக்குத் தருகிறது, இந்தப் பெருந்தன்மை உலகில் எங்கே உண்டு என்று பத்திரிகைகள் மெய்சிலிர்த்தன. கோழிகளின் சார்பில் வாதாட நரி சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் அதற்குப் பெயர் பெருந்தன்மையா? எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வேறு பெயர்.

சிப்பிக்கரைக்கு நிதி பெற்ற நிறுவனம் 'கரைக்குரல்'. அதை நடத்தியவர் அருள்வேந்தன். தோளில் துணிப்பையும் காலில் ரப்பர் செருப்புமாக அந்தக் கடற்கரைக்கு வந்தவர். இறால் பண்ணைக்காரர்களை எதிர்த்து ஊரோடு நின்று, சிறைக்குப் போய், லாக்கப்பில் இடது சுண்டுவிரல் முறிந்து திரும்பியவர். அது பொய்யில்லை. முறிந்த விரல் பிறகு மடங்கவேயில்லை. அந்த நாட்களில் அந்த ஊர்க்காரி மரியபுஷ்பத்தின் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அவளை "அக்கா, அக்கா" என்பார். குரல் நிதி வந்த பிறகு கண்ணாடிக் கட்டடம் வந்தது, கார் வந்தது, மரியபுஷ்பம் "அம்மா" ஆனாள். மேடைக்கு மேடை நீட்டிக் காட்டிய அந்த விரல் மட்டும் பழைய அருள்வேந்தனுடையது. மற்ற உறுப்புகளெல்லாம் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறிக்கொண்டே வந்தன.

மரியபுஷ்பம் ஏலக்காரி. கொட்டகையில் நின்று அவள் விலை கூறினால் கடலில் வருகிற வள்ளத்துக்குக் கேட்கும். சிப்பிக்கரையின் தொண்டை அவள்தான் என்று ஊரே கேலி பேசும். கடல்நீரைப் பிரித்து எரிவாயு எடுக்கிற ஆலை வரப்போகிறது, ஊரைக் காலி செய்து கள்ளிமேட்டுக்குப் போக வேண்டும் என்ற பேச்சு வந்தபோது முதலில் "மாட்டோம்" என்றதும் அவள்தான். கள்ளிமேட்டில் கடல் தெரியாது. அலைச் சத்தமும் எட்டாது. மீன்பிடிக்கிறவனை அங்கே கொண்டுபோய் வைப்பது மீனைக் கொண்டுபோய் வைப்பது மாதிரிதான். ஊர் மொத்தமும் அவளோடு சேர்ந்து "மாட்டோம்" என்றது. டீக்கடையில் சொன்னது, குழாயடியில் சொன்னது, ஜெபம் முடிந்த கையோடு சொன்னது. எல்லாம் பெட்டிக்குள் போகிறது, நம் வாயாக நின்று அதுவே சொல்லிவிடும் என்று நிம்மதியாக இருந்தது.

ஊரின் குரலை ஆணையம் கேட்கும் விசாரணைக்கு முந்தின வாரம் ஒத்திகை. ஏலக் கொட்டகையில் மீன் கூடைகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை நடுவில் வைத்தார்கள். அதைப் பழக்கிய கரைக்குரல் பொறியாளர் நஸ்ரின் பக்கத்தில் நின்றாள். முப்பது வயதுக்காரி, மதுரைப் பெண். ஓராண்டாக அந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டவள்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க. விசாரணையில இதுதான் பேசும்" என்றாள்.

வலைக்கார இன்னாசி முதலில் கேட்டார். "யய்யா ஊர்வாயி, ஆலைக்காரன்ட்ட நமக்கு என்ன வேணும்?"

பச்சை விளக்கு மினுங்கியது. பெட்டி பேசியது. எல்லாருடைய குரலும் அதில் இருந்தது. ஆனால் அடிநாதம் மரியபுஷ்பத்தினுடையது. "பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வேணும். நல்ல தண்ணி வேணும். வேலை வேணும்" என்றது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

மரியபுஷ்பம் கூடையை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். "அதெல்லாம் கெடக்கட்டும். இந்த ஊர விட்டுப் போவியளா, அதச் சொல்லு."

பெட்டி கொஞ்சமும் தயங்கவில்லை. அவளுடைய குரலிலேயே, அவ்வளவு பிரியமாகச் சொன்னது: "போயிட்டு வாரோம்."

கொட்டகை சிரித்துவிட்டது. விருந்துக்கு வந்தவன் விடைபெறுகிற மாதிரி இருந்தது அந்தப் பதில். நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த திரையைப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள்.

"என்னட்டி, என்னாச்சு?" என்றாள் மரியபுஷ்பம்.

"அக்கா, நீங்க எல்லாரும் எங்கிருந்தாவது கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

"போயிட்டு வாரேன்னு சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்ல?"

"போறேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சீ, வாய்ல அடி! எழவு வீட்ல கூட அப்படிச் சொல்ல மாட்டோம். அங்கன ஒண்ணும் சொல்லாம எறங்கிருவோம். போறேன்னா ஒரேடியாப் போறதுல்லா?"

"அதான் பிரச்சனை. ஆலையைப் பத்திப் பேச ஒரு வருஷமா எத்தனை கூட்டம் போட்டோம்? ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் ஊரே எழுந்து 'போயிட்டு வாரோம்'னு சொல்லியிருக்கு. போறதைப் பத்தி இந்த ஊர் அதிகமா சொன்னது, சந்தோஷமா சொன்னது, அந்த ஒரு வார்த்தையைத்தான். இது அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டது." திரையைத் திருப்பிக் காட்டினாள். தற்காலிக இடப்பெயர்வு, திரும்பி வரும் நம்பிக்கையுடன் மனமுவந்த சம்மதம் என்று எழுதியிருந்தது.

மரியபுஷ்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அது கும்பிடுத மாதிரிட்டி. சும்மா வாயில வாரது. அதப் போயி..." என்றவள் பெட்டியைப் பார்த்தாள். "சரி, மாட்டோம்னு ஊரு கெடந்து கத்துச்சே. அது எங்க போச்சு?"

நஸ்ரின் தேடிப் பார்த்தாள். ஊர் முழுக்கச் சொன்ன அந்தச் சொல் பெட்டிக்குள் ஓரிடத்திலும் இல்லை. உள்ளே போகிற பேச்சை வடிகட்டும் சல்லடையில் தங்கிவிட்டிருந்தது. குரல் நிதி வாங்குகிற எந்தப் பெட்டியிலும் பகைச்சொல் வரக்கூடாது என்பது விதி. மாற்று யோசனை சொல்லாத மறுப்பு பகைச்சொல் என்பது அந்த விதிக்கு அருள்வேந்தன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட விளக்கம். 'வேணும்' எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகலாம். 'மாட்டோம்' போகாது.

"பயப்படாதீங்கக்கா" என்றாள் நஸ்ரின். "இது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. சார்கிட்ட சொல்றேன். திருத்திடலாம்."

அந்தப் பெண் அப்படி நம்பியதை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

மறுநாள் காலை இருவரும் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். அருள்வேந்தன் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, வாங்கம்மா." டீ வந்தது. நஸ்ரின் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மேடையில் இருக்கும்போதும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"ரொம்ப அழகான விஷயம் இது" என்றார் கடைசியில். "போறேன்னு சொல்லாத பண்பாடு. நம்ம ஆண்டு மலர்ல ஒரு கட்டுரை எழுதலாம்."

"சார், விசாரணை அடுத்த வாரம். ஊர் சம்மதிக்கவே இல்ல."

"தெரியுதும்மா. ஆனா இப்ப திருத்தணும்னா மறுபடி பழக்கணும். மறுபடி பழக்கினா இந்த வருஷக் குரல் செல்லாது. குரல் செல்லலேன்னா அடுத்த நிதி நிக்கும். நிதி நின்னா கரைக்குரல் நிக்கும். அப்புறம் இந்த மக்களுக்காகப் பேச யார் இருக்கா?"

"இப்ப மட்டும் யாரு பேசுதா?" என்றாள் மரியபுஷ்பம்.

அவர் புண்பட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார். சுண்டுவிரல் தானாகவே மேசைமேல் நீண்டது. "உங்களுக்காக இதை ஒடிச்சுக்கிட்டவன்மா நான்."

"அந்தத் தம்பிக்கு நான் சோறு போட்டேன். அவரத்தான் தேடி வந்தேன். இங்கன காணலியே."

அருள்வேந்தன் குரலைத் தாழ்த்தினார். "புரிஞ்சுக்குங்கம்மா. ஆலை எப்படியும் வரும். மாட்டோம்னு நின்னா ஒண்ணும் கிடைக்காது. சம்மதம்னு போனா பள்ளிக்கூடம், தண்ணி, வேலை எல்லாம் வாங்கித் தரலாம். உள்ளே இருந்துதான் சாதிக்கணும்."

உள்ளே இருந்து சாதிப்பது! குடலுக்குள் இருந்துகொண்டு புழு கூட இதே வாதத்தைத்தான் சொல்லும்.

நஸ்ரின் விசாரணை நடத்தும் ஆணையத்துக்கே நேராக முறையீடு அனுப்பினாள். நிதி பெறும் குரல்களைப் பற்றிய முறையீட்டை அந்தந்த நிறுவனமே விசாரிக்கும் என்பது இன்னொரு விதி. அவள் அனுப்பிய முறையீடு சுற்றிக்கொண்டு வந்து அருள்வேந்தனின் மேசையில் இறங்கியது. அவளுக்கு வேலை போயிற்று. பெட்டியின் சாவியை வாங்கிக்கொண்ட புதுப் பையனுக்குச் சிப்பிக்கரை எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது.

போகுமுன் நஸ்ரின் கொட்டகைக்கு வந்தாள். "விசாரணைக்கு நீங்களே போங்கக்கா. நேர்ல போய் உங்க வாயால சொல்லுங்க. அதை எந்தச் சல்லடையாலயும் பிடிக்க முடியாது." கிளம்பும்போது பழக்கத்தில் "போயிட்டு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

விசாரணை நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குளிரூட்டிய மண்டபம், வாசலில் பன்னீர்த் தெளிப்பு, ஊதுபத்தி. தாலி கட்டுகிற மேடையில் ஊர்வாய்க்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். கீழே விதவிதமான பதாகைகளோடு இயக்கங்கள். ஆலையை ஆதரிக்க ஒரு மகளிர் மையம். எதிர்க்க ஒரு பசுமை இயக்கம். அந்தப் பசுமை இயக்கம் தொண்டை கிழிய எதிர்த்தது உண்மைதான், ஆனால் ஆலையை இல்லை. ஆலைக் கேண்டீனில் பிளாஸ்டிக் கப் வைக்கப் போவதை. எல்லார் கழுத்திலும் தொங்கிய அட்டைகளில் ஒரே அமைச்சகத்தின் முத்திரை. ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் பின்கட்டில் ஒரே அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. நான் பார்த்த கல்யாணங்களில் இதைப்போல் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாக இருந்த கல்யாணம் வேறு இல்லை.

ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. சாந்தமான முகம். ஊர்வாயிடம் முறைப்படி கேட்டார். அதுவும் முறைப்படி வேண்டியதையெல்லாம் கேட்டது. இடம்பெயரச் சம்மதமா என்ற கேள்விக்கு "போயிட்டு வாரோம்" என்றது. மண்டபம் நெகிழ்ந்து போயிற்று. மகளிர் மையத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு பக்குவப்பட்ட மக்கள்!" என்றார் தலைவர்.

"நாங்க போக மாட்டோம்!"

ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். பன்னீர் தெளித்தவள் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். மரியபுஷ்பம் நடுப்பாதையில் நின்றாள். பின்னால் இன்னாசியும் பக்கத்து வீட்டுச் சேசம்மாவும் இன்னும் சிலரும்.

"சிப்பிக்கரை மரியபுஷ்பம் நானு. அது எங்க வாயி இல்ல. நாங்க கெளம்பும்போது சொல்லுத பேச்சப் பிடிச்சு வச்சுக்கிட்டுச் சம்மதம்னு சொல்லுதிய. இதுதான் எங்க வாயி. கேட்டுக்கிடுங்க. மாட்டோம்."

தலைவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஒரு கருவியை அவள் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னார்.

"அம்மா, உங்க குரல் ஏற்கெனவே ஊர்வாயில கலந்திருக்கு. நாங்க கேட்டாச்சு. ஒருத்தர் குரலை ரெண்டு தடவை கணக்குல எடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

"நான் இப்பம்தானய்யா வாயத் தெறந்தேன்!"

"அப்படித் தோணும்மா." அவர் பெட்டியிடம் திரும்பினார். அதையும் முறைப்படிதான் கேட்டார். "இந்த அம்மாவை உங்க ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? நம்ம புஷ்பம்லா" என்றது ஊர்வாய். குழாயடியில் பேசுவதுபோல் அவ்வளவு இயல்பாக. "கோவக்காரி. மனசுல ஒண்ணும் கெடையாது. இப்பம் கெடந்து கத்துவா, பெறவு சரியாயிருவா."

மண்டபம் சிரித்தது. மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவள் சொன்னதுதான். இன்னாசியும் சொன்னதுதான். ஊரே ஆண்டுக்கணக்காகப் பிரியத்தோடு, கேலியாக அவளைப் பற்றிச் சொன்னதுதான். பொய் ஒன்றுமில்லை. ஊருக்குள் அவளைச் செல்லமாகக் கட்டிப்போட்டிருந்த அதே கயிறு இப்போது அவள் கழுத்தில் விழுந்தது. என் வாயில் இதற்குக் கெட்ட வார்த்தைதான் வருகிறது. சல்லடைக்குப் பயந்து நிறுத்திக்கொள்கிறேன்.

அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. அருள்வேந்தனே இறங்கி வந்து, தோளில் கைவைத்து, வாசல்வரை கூட்டிவந்தார். "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றார்.

"ஊரத் தின்னுட்டு எங்களுக்குச் சோறு போடுதியளா?"

"சரி, போயிட்டு வாங்க."

மரியபுஷ்பம் படியில் நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. "போறேன்" என்றாள்.

சேசம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். சொல் வெளியே வந்துவிட்டிருந்தது. அதை எந்தக் கருவியும் பதியவில்லை.

சிப்பிக்கரை காலியாயிற்று. கள்ளிமேட்டில் வரிசையாகக் கான்கிரீட் பெட்டிகள். தண்ணீர் வந்தது, பித்தளை மணத்தோடு. பள்ளிக்கூடம் வந்தது, வாத்தியார் வரவில்லை. ஆண்கள் ஆலைக் கேண்டீனில் மேசை துடைத்தார்கள். அங்கே பிளாஸ்டிக் கப் இல்லை, பசுமை இயக்கம் வென்றுவிட்டது. தற்காலிகம் என்று எழுதிய சொல்லை யாரும் அழிக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஏலம் கூற மீன் இல்லாததால் மரியபுஷ்பத்தின் குரல் இறங்கிவிட்டது. ஒன்றை மட்டும் அவள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தாள், அல்லது ஊர் தானாகவே கற்றுக்கொண்டது. கள்ளிமேட்டில் யாரும் யாரிடமும் "போயிட்டு வாரேன்" சொல்வதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வீட்டை இழந்தோம் என்று அதன்மேல் ஒரு பயம். "போறேன்" என்கிறார்கள். பிறகு பிறந்த பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது "போறேம்மா" என்று சிரித்துக்கொண்டே கையசைக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் நெஞ்சு திக்கென்கிறது.

அந்தத் திக்கென்ற செய்தி மேலே போனது. மேலே எதையும் வீணாக்க மாட்டார்கள். 'அழிந்துவரும் கடலோர வழக்குகள் பாதுகாப்புத் திட்டம்' என்று புதிதாக ஒரு நிதி பிறந்தது. அதைப் பெற்ற நிறுவனம் எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஒரு மத்தியானம் கரைக்குரலின் கார் கள்ளிமேட்டில் வந்து நின்றது. அருள்வேந்தனுக்குத் தலை நரைத்திருந்தது. அன்று சாவி வாங்கிய பையன் வெள்ளைப் பெட்டியைத் தூக்கிவந்து மரியபுஷ்பத்தின் வாசலில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"ஒரே ஒரு தடவை, உங்க வாயால 'போயிட்டு வாரேன்' சொல்லணும்மா" என்றார். "அசல் குரல்ல. அருங்காட்சியகத்துல வைக்கப் போறோம். இந்தப் பண்பாடு அழியக்கூடாது."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் கெஞ்சினார், புகழ்ந்தார், விரலைக்கூட நீட்டினார். அவள் முற்றத்தில் காய்ந்த மிளகாய் வற்றலைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. கடைசியில் அவர் சலித்துப்போய் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். ஐம்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? படியிறங்கும்போது வாயில் தானாக வந்தது.

"சரிம்மா, போயிட்டு வர்றேன்."

மரியபுஷ்பம் நிமிர்ந்தாள். "சந்தோசம். எப்பம் வாரிய?"

"என்னம்மா?"

"வாரேன்னு சொன்னியள்லா. பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்கு. பெஞ்சாதி பிள்ளையளோட வந்து குடியிருங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. மனமுவந்து சொன்னிய, பெட்டி கேட்டுட்டு இருந்துச்சு. இனிமே நீங்க மாத்திப் பேசினா ரெண்டாவது குரலு. கணக்குல வராது."

அவளுடைய பழைய ஏலக் குரல் திரும்பியிருந்தது. அண்டை அயல் எட்டிப் பார்த்தது. இன்னாசி வெளியே வந்து நின்றார். அருள்வேந்தன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்னக்கா நீங்க" என்றார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா. "கிளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே அது. சும்மா வாயில வர்றதுக்கா. அதைப் போய்..."

"ஆமா" என்றாள் மரியபுஷ்பம். "சும்மா வாயில வாரதுதான்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பையனிடம் குனிந்து, கடைசி இரண்டு நிமிடத்தை அழித்துவிடு என்றார். அவன் அழிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், எழவு வீட்டிலிருந்து இறங்குகிறவர் மாதிரி, காரை நோக்கி நடந்தார்.